நாலாவது கம்பளம்

– காலையில ஏழு மணிக்கு நான் கோயிலுக்குக் கிளம்பறப்ப கனேலா அடுப்புக்குப் பக்கத்துல சுருண்டு படுத்திருந்துச்சு. இப்ப எங்கக்கா?

– முதல்ல கோட்டைக் கழட்டி மாட்டு. தரையெல்லாம் சொட்டுது.

– பூனைக் கூடையையும் காணோம்.

– கூடை கார்ல இருக்கு. காலியா.

– அக்கா, பூனை எங்க?

– கொண்டுபோய் விட்டுட்டேன், அசீமினா. முடிஞ்சுது. உக்காரு, மொச்சை சூப் ஆறுது.

– எங்க விட்ட?

– ஆத்துக்கு அந்தப் பக்கம்.

– ஆத்துக்கு அந்தப் பக்கம் இருபது ஊர் இருக்கு.

– இருக்கட்டும்.

– அதுக்குப் பதினாலு வயசு. ஒரு கண்ணு பால் பூத்துப்போச்சு. பொறந்ததுல இருந்து வாசப்படி தாண்டினதில்ல. தெரு எப்படி இருக்கும்னே அதுக்குத் தெரியாது.

– தெரியாதுதான். கூடையைத் திறந்து வச்சேன், வெளிய வரல. கவுத்துக் கொட்ட வேண்டியிருந்தது.

– கொட்டினியா.

– உருளைக்கிழங்கு மாதிரி விழுந்துச்சு. எழுந்து, விழுந்த இடத்துலயே நின்னுச்சு. வண்டியை எடுத்துட்டுக் கண்ணாடியில பாத்தேன். நான் போற பக்கம்கூடப் பாக்கல, வேற பக்கம் பாத்துக்கிட்டு நின்னுச்சு. அதுக்குப் போயி நீ இப்படி.

– வெளிய மழை பெய்யுதுக்கா.

– நான் வண்டி ஓட்டினப்பவும் பெஞ்சுது.

– இடத்தைச் சொல்லு. நான் போய்ப் பாக்கறேன்.

– எப்படிப் போவ? உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஞாயித்துக்கிழமை பஸ் கிடையாது.

– நடந்து போறேன்.

– நட. பாதியில மயங்கி விழுந்தா, யாராவது எனக்குப் போன் பண்ணுவாங்க. மறுபடி நான்தான் வண்டியை எடுக்கணும்.

– ரெண்டு வாரம் பொறுத்துக்கன்னு உன்கிட்ட எத்தனை தடவை கேட்டேன்.

– எட்டு நாள் பொறுத்தேன். என் கணுக்காலைப் பாரு. பொறந்ததுல இருந்து இந்த வீட்டுலதான் இருக்கேன், தெள்ளுப்பூச்சின்னு ஒண்ணைப் பாத்ததில்ல. மே மாசம் நீ வந்த. ரெண்டு பெட்டி, ஒரு பூனை. அப்புறம் தெள்ளு.

– அப்ப மே மாசமே கடிச்சிருக்கணும். ஜூன்ல கடிச்சிருக்கணும். கோடை முழுக்க ஒருத்தர் கால்லயும் ஒரு தடிப்பு இல்ல. ஆரம்பிச்சது அக்டோபர் கடைசியில, திமித்ரி திருநாளுக்கு மறுநாள்.

– நாள் நட்சத்திரம் எல்லாம் எதுக்கு? பூனை வந்துச்சு, தெள்ளு வந்துச்சு. பூனை போச்சு. விடு.

– நான் எதைப் பண்ணாம விட்டேன், சொல்லு. பிடரியில சொட்டு மருந்து விட்டேன். நாய் மருந்தைப் பூனைக்கு விட்டா செத்துப்போயிடும்னு மிருக டாக்டர் சொன்னார், பூனைக்குத்தானான்னு டப்பாவை மூணு தடவை படிச்சேன். விரிப்பு, தலகாணி உறை எல்லாத்தையும் அறுபது டிகிரியில துவைச்சேன். தினம் வாக்குவம் போட்டேன், சோஃபாவுக்கு அடியில, சுவர் ஓரத்துல, இடுக்குல. பையை அன்னன்னைக்கே இறுக்கிக் கட்டி வெளிய போட்டேன். காலையும் சாயங்காலமும் கனேலாவைப் பேன் சீப்பால வாரி, சோப்புத் தண்ணிக் கிண்ணத்துல தட்டினேன்.

– பண்ணின. அப்பவும் கடிச்சுது.

– சீப்புல ஒண்ணுகூட வரலக்கா. எட்டு நாள்ல ஒண்ணுகூட வரல.

– கண்ணாடி மாத்து. அதுக்கு ஒரு கண்ணு, உனக்கு ஒரு கண்ணுன்னு ரெண்டும் வாழ்ந்துக்கிட்டு இருக்கீங்க.

– டாக்டருக்குக் கண்ணு நல்லாத் தெரியும். வியாழக்கிழமை தூக்கிட்டுப் போனேன். ரோமத்தை விலக்கி விலக்கிப் பாத்தார். பூனை சுத்தமா இருக்கும்மா, தெள்ளு இதுகிட்ட இருந்து வரலன்னார். வீட்டுல எந்த அறையில இருக்குன்னு கண்டுபிடிங்க, வெள்ளை சாக்ஸ் முட்டி வரைக்கும் இழுத்துவிட்டு ஒவ்வொரு அறையிலயும் அஞ்சு நிமிஷம் நில்லுங்க, ஏறினா தெரியும்னார்.

– நின்னியாக்கும்.

– நேத்து நீ கடைக்குப் போயிருந்தப்ப நின்னேன். சமையலறையில ஒண்ணும் இல்ல. கூடத்துல ஒண்ணும் இல்ல. என் அறையில ஒண்ணும் இல்ல, அங்கதான் கனேலா தூங்குது.

– சரி. இல்லன்னா சந்தோஷம்.

– உன் அறையில நின்னேன். ஒரு நிமிஷம்கூட ஆகல. சாக்ஸ்ல எள்ளைத் தூவின மாதிரி.

– என் அறைக்குள்ள உன்னை யாரு போகச் சொன்னா?

– யாரும் சொல்லல. சாவியைக் கதவுலயே மறந்துட்டுப் போயிருந்த.

– நீ இருக்கறது என் வீடு. அதை மறந்துடாத.

– மறக்கலக்கா. மே மாசத்துல இருந்து ஒரு நாள்கூட மறக்க விட்டதில்ல நீ. ஆனா அந்த அறைக்குள்ள கனேலா போனதே கிடையாது. நீ பூட்டியே வச்சிருக்க. பூனை போகாத அறையிலதான் தெள்ளு இருக்கு.

– பறந்து வந்திருக்கும்.

– தெள்ளுக்கு ரெக்கை கிடையாது. உன் கட்டிலுக்குக் கீழ விரிச்சிருக்கியே கம்பளம், அதுல இருந்துதான் ஏறுது.

– அது அம்மா தறியில நெய்து எனக்குக் குடுத்தது.

– தெரியும். உன் சீதனத்துக்குன்னு நெய்த நாலுல ஒண்ணு. எனக்கு ஒண்ணும் நெய்யல. அதை நான் இப்பப் பேசல.

– பேசேன். நாலு கம்பளம் எனக்கு, புருஷன் உனக்கு. பேசு.

– ஆகஸ்ட்ல கம்பளத்தை எல்லாம் அலச மலையடிவாரத்துச் சுழல்தொட்டிக்குக் கொண்டுபோனோமே. நானும் ஒரு பக்கம் பிடிச்சேன். ஆத்துத் தண்ணி சுத்திச் சுத்தி அடிக்கறதைப் பாத்துக்கிட்டு ரெண்டு பேரும் கல்லு மேல உக்காந்து ரொட்டி தின்னோம். மூணுதான் இறக்கின. நாலாவது எங்கன்னு கேட்டேன். பூச்சி அரிச்சுடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்ன.

– சொன்னேன்.

– போடலியே. திமித்ரி திருநாளன்னைக்கு ஊரெல்லாம் குளிருக்குக் கம்பளம் விரிக்கறப்ப நீயும் விரிச்ச. மூணைக் கூடத்துலயும் என் அறையிலயும் விரிச்ச. நாலாவதைக் கழுவாம அப்படியே உன் அறையில விரிச்சுட்டுக் கதவைச் சாத்திக்கிட்ட. மறுநாள் உன்னைத்தான் முதல்ல கடிச்சுது.

– பெரிய போலீஸ்காரி.

– டாக்டர் சொன்னார். தெள்ளு கூடு கட்டி உள்ள தூங்குமாம். சாப்பாடு வேணாம், தண்ணி வேணாம், மாசக்கணக்குல தூங்குமாம். மருந்துகூட உள்ள போகாதாம். அறையைச் சூடாக்கி மேல கால் வச்சா மொத்தமா முழிச்சுக்குமாம். சுருட்டி வைக்கறதுக்கு முன்னாடி அந்தக் கம்பளத்துல ஏதோ ஒரு மிருகம் படுத்திருக்கு. நீ மிருகம் வளத்ததில்ல. அப்ப எது படுத்துச்சு?

– சூப்பைக் குடிக்கப் போறியா, கொட்டவா?

– கொட்டு. இதைப் பாரு.

– என்ன அது?

– கம்பளத்துல சிக்கியிருந்த முடி. நீளமா, ஈரல் நிறத்துல, நுனி மட்டும் வெளுத்து. இந்த நிறத்துல நான் பாத்தது ஒரே ஒரு நாய்தான். லாம்ப்ரோஸோட வேட்டை நாய்.

– நீ அவனுக்குப் பொண்டாட்டியா வாழ்ந்தவ. உன் துணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்.

– அவர் நாயை வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்ல. மலையில வேட்டைக் குடிசைக்குப் பக்கத்துலயே கட்டி வச்சிருந்தார். எனக்கு நாய் ஆகாதுன்னு.

– ஆமா. உனக்கு நாய் ஆகாது, புகை ஆகாது, குளிர் ஆகாது. கல்யாணம் பண்ணின இத்தனை வருஷத்துல அந்தக் குடிசைக்கு எத்தனை தடவை போயிருக்க?

– ரெண்டு தடவை.

– ஒரு தடவை. ரெண்டாவது தடவை பாதி வழியில வாந்தி எடுத்துத் திரும்பிட்ட.

– அது உனக்கு எப்படித் தெரியும்?

– உன் புருஷன் சொன்னான். போன குளிர்காலத்துல ஒரு நாள் வந்தான். குடிசையில பலகை சில்லுனு இருக்குன்னான். ஒரு கம்பளம் குடுத்தேன். தங்கச்சி புருஷன் கேட்டா குடுக்கமாட்டேனா?

– எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவரும் சொல்லல, நீயும் சொல்லல.

– நீ கேக்கல.

– அவர் கிடந்தது வெறும் பலகையிலக்கா.

– என்ன?

– மார்ச்ல அவர் அண்ணன் போய்ப் பாத்தப்ப வெறும் பலகையில கிடந்தார். அடியில ஒண்ணும் இல்ல, மேல ஒரு கோட்டு. செத்து ரெண்டு நாள் ஆகியிருந்துச்சு. கம்பளம் எங்க போச்சு?

– எடுத்துட்டு வந்துட்டேன்.

– குளிர் முடியறதுக்குள்ளயா? பனி கொட்டிக்கிட்டு இருந்துச்சே.

– என் கம்பளம். எனக்கு வேணும்னு தோணுச்சு, எடுத்துட்டு வந்தேன். நெஞ்சுவலியில செத்தான்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். குளிர்ல இல்ல.

– அதைத்தான் ஒளிச்சியா? குடுத்த கம்பளத்தை அவர்கிட்ட இருந்து பிடுங்கிட்டு வந்தது எனக்குத் தெரியக்கூடாதுன்னு.

– அப்படியே வச்சுக்க.

– தெள்ளு அதுலதான் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?

– வெள்ளிக்கிழமை தெரிஞ்சுது. ரோமத்தை விலக்கினேன், குதிச்சுது.

– அப்புறம் எதுக்கு இன்னைக்கு அந்த வாயில்லாத ஜீவனை?

– அது இருக்கற வரைக்கும் நீ தேடுவ. சீப்பு, சாக்ஸ், டாக்டர். தேடிக்கிட்டே என் அறைக்கு வருவ. பூனையைத் தூக்கிட்டா தெள்ளு அதோட போச்சுன்னு நீயும் விட்டுடுவன்னு பாத்தேன். ஒரு நாள் பிந்திட்டேன், நீ நேத்தே உள்ள போயிட்ட.

– அஞ்சு மணிக்கு இருட்டிடும். இடத்தைச் சொல்லு.

– சொல்றேன். அந்தக் கம்பளத்தைத் தொடமாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணு.

– அது முழுக்கத் தெள்ளுக்கா. கனேலாவைத் திரும்பக் கொண்டுவந்தா அதுக்கும் ஏறும். சுழல்தொட்டியில ஒரு நாள் போட்டுவச்சா போதும். அடிச்சுக்கிட்டுப் போயிடும். நானே ஆள் பிடிச்சுக் கொண்டுபோறேன். வெள்ளை வெளேர்னு திரும்ப உன் கட்டிலுக்குக் கீழ வந்துடும்.

– வேண்டாம்.

– ரத்தம் வர சொறிஞ்சு வச்சிருக்க. கடிக்கறது உன்னை.

– என்னைத்தானே. கடிக்கட்டும். சத்தியம் பண்ணு.

– பண்றேன். அம்மா மேல சத்தியம். கம்பளத்தை நீயே வச்சுக்க. அவர்கிட்ட இருந்து ஏன் பிடுங்கினன்னு சாகற வரைக்கும் நான் கேக்கமாட்டேன். பூனை இருக்கற இடத்தை மட்டும் சொல்லு. அவர் அந்தக் குடிசையில வாயில தண்ணி விட ஒரு கை இல்லாம, பக்கத்துல ஒரு ஆள் இல்லாம செத்தார். எட்டு மாசமா எனக்கு சோறு இறங்கறப்பெல்லாம் அதுதான் ஞாபகம் வருது. கனேலாவும் அப்படித் தனியா சாகக்கூடாதுக்கா. சொல்லு.

– அவர் தனியா சாகல, அசீமினா. அன்னைக்கு அந்தக் கம்பளத்துல நானும் படுத்திருந்தேன்.