உதயரூபனை வேலையில் வைத்திருப்பது

செங்கலடியில் பேக்கரி நடத்துகிறவனுக்கு மாவும் கிடைக்கும், சீனியும் கிடைக்கும், மேடம். ஆள்தான் கிடைக்காது. நீங்கள் தொழில் அலுவலகத்தில் இருந்து வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

போன வருசம் மட்டும் பதினொரு பேரை வேலைக்கு எடுத்தேன். ஒருவன் முதல் நாளே பாண் சுடுகிற போறணைக்கு முன்னால் நின்று, "இவ்வளவு சூடா இருக்கும் எண்டு ஆரும் சொல்லல்லையே" என்றான். போறணை சூடாக இருக்கும் என்று விளம்பரத்தில் போடாதது என் பிழைதான். இன்னொருவன் சித்தாண்டிக் கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் லீவு கேட்டுப் போனான். திருவிழா முடிந்து பந்தலும் பிரித்தாயிற்று, ஆளைக் காணவில்லை. மதுஷன் என்றொருவன் ஒரே பெரியம்மாவை மூன்று தடவை சாகவைத்தான். மூன்றாவது தடவை, அன்றைக்குப் பின்னேரமே, அந்தப் பெரியம்மா பாண் வாங்க வந்து நின்றார். நான் மரியாதைக்கு எழுந்து நின்றேன்.

உதயரூபன் அப்படியில்லை. குருக்கள்மடத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவான். ஆறு வருசத்தில் ஒரு நாள் பிந்தினதில்லை. மாவைத் தொட்டுப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் காணாது என்று சொல்லுவான். அவன் போட்ட கேக் என்றால் ஏறாவூரில் இருந்தும் ஆட்டோ பிடித்து வருவார்கள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் என் மேசைக்கு வந்தான்.

"முதலாளி, கட்டாருல ஒரு ஹோட்டல் வேல சரி வந்திருக்கு. சித்திரைக்குப் பிறகு பயணம்."

"என்ன வேல மனே?"

"கேக் சோடிக்கிற வேலதான். சீனிப் பூ செய்யிறத வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினன். புடிச்சிட்டாம்."

அந்த வீடியோவை எனக்கும் காட்டினான். முகம் தெரியவில்லை, விரல்கள் மட்டும்தான். ஒவ்வோர் இதழாக மடித்து ஒரு ரோசாப்பூவை முடித்தான். இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். அவனை வாழ்த்தி, எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தேன்.

பிறகு தனியே கூப்பிட்டு, கடையையே அவன் பொறுப்பில் விடுவதாகச் சொன்னேன். தலை குனிந்தான். "கம்சாயினிக்கு வாக்குக் குடுத்திட்டன், முதலாளி. ரெண்டு வருசம் உழைச்சிட்டு வந்துதான் கலியாணம்." நல்ல பிள்ளை. வாக்கு மாறமாட்டான். எனக்கு அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

அந்த ஹோட்டலில் இருந்து என்னிடம் அவனைப் பற்றி விசாரித்தார்கள். பேசியவர் நம்முடைய தமிழ் ஆள்தான். பையன் கொஞ்சம் கைநீளம் என்றேன். ஒரு நல்ல பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் நம்பவில்லை. "அதெல்லாம் நாங்க பாத்துக்கொள்ளுவம். எங்களுக்கு அந்த விரல் இருந்தாக் காணும்" என்றார்.

கவனியுங்கள் மேடம், விரல் என்ற பேச்சை எடுத்தது நானில்லை.

மா பிசையும் மெஷினின் மூடி திறந்திருந்தால் சுவிட்சைப் போட்டாலும் அது ஓடாது. அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உதயரூபன் அந்த நம்பிக்கையில் மெஷினை நிற்பாட்டி, மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு ஒட்டின மாவைச் சுரண்டுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. நான் தனியே வந்து மூடியோடு தொடுத்திருந்த வயரைக் கழற்றி, மூடி திறந்தாலும் ஓடுகிற மாதிரிக் கட்டிவிட்டேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் சுரண்டிக்கொண்டிருந்தபோது சுவிட்சைப் போட்டேன்.

கை தவறிப் பட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். பணிஸ் பொதி செய்துகொண்டிருந்த ஸாலிஹா பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பார்த்திருப்பாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கருகின பணிஸ்கூட வெளியே போனதில்லை. அவளையும் நான்தான் தெரிந்தெடுத்தேன்.

வலக்கையில் மூன்று விரல்கள் போயின. என் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பதினெட்டு நாளும் பக்கத்தில் இருந்தேன், சோறு குழைத்து ஊட்டினேன். கட்டாரில் இருந்து வருத்தம் தெரிவித்து எழுதியிருந்தார்கள். அதை நான்தான் வாசித்துக் காட்டினேன், மெதுவாக. அவனை வேலையால் நிற்பாட்டமாட்டேன் என்று சொன்னபோது கம்சாயினி என் காலில் விழப்போனாள். தடுத்துவிட்டேன். எனக்கு அதெல்லாம் பிடிக்காது.

இப்போது கவுண்டரில் இருக்கிறான். புதிதாக வருகிறவர்களுக்கு மாவின் பதத்தை இடக்கையால் காட்டிக் கொடுக்கிறான்.

எழுதுங்கள், சுவிட்சைப் போட்டது நான்தான். கையெழுத்தும் வைக்கிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதவேண்டும். வேறு முதலாளி என்றால் மூன்று விரல் இல்லாதவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான். நம்பாவிட்டால் வெளியே போய் உதயரூபனையே கேளுங்கள். காணுகிறவர்களிடம் எல்லாம் அவன் சொல்லுவது ஒன்றுதான்:

"என்ட முதலாளி என்னக் கைவிடல்ல."