கன்னத்து அங்க அடையாளம்

மார்த்தாண்டத்தில் தோல் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தேன். மனத்துக்குள் ஓதிக்கொண்டிருந்த பதிகம், அடுத்த நாற்காலியிலிருந்து எழுந்த குரலால் பாதியில் நின்றது.

"மக்களே, தழும்பு மாஞ்சு போனா உனக்க பள்ளிக்கூட டிசி செல்லாதே!"

சொன்னவர் ஒரு தந்தை. நர்ஸ் வேலைக்காகக் குவைத்துக்குப் புறப்படவிருந்த மகளின் இடக்கன்னத்தில் நீண்ட தழும்பு இருந்தது.

"யாருப்பா சொன்னா?"

"அங்க அடையாளம்னு அதத்தானே எழுதியிருக்கு? ஏர்போர்ட்டுல பிடிச்சு வச்சா?"

"ஏர்போர்ட்டுல கைரேகதான் பாப்பாங்க. இஞ்ச நான் ஊசி போடப் போனா, நோயாளி எனக்க கன்னத்தப் பாத்து 'வலிக்குதா'ன்னு கேக்கான். கேட்டுக் கேட்டு எனக்கு மடுத்துப்போச்சு."

"செரி, லேசர் வச்சா தழும்பே இருக்காதா?"

"முழுசாப் போவாதுப்பா. மங்கத்தான் செய்யும்."

"முழுசாப் போவாதா? பின்னே எதுக்கு காலையிலேருந்து இஞ்ச கெடக்கோம்?"

"போனாலும் குத்தம், போவாட்டியும் குத்தமா?"

உள்ளிருந்து அவள் பெயரை அழைத்தார்கள். அவளுக்கு முன்னே தந்தை எழுந்துகொண்டார்.

"டிசில இன்னொரு அடையாளம் என்ன எழுதியிருக்கு?"

"வலது கையில மச்சம்."

"அதுல கைவைக்கப்பிடாதுன்னு டாக்டர்ட்ட நான் சொல்லுதேன்."