காற்றுச் சுரங்கம் விற்பனைக்கல்ல

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் வலேரியான் பொதாபொவிச் அவர்களே! ஓப் நதி உறைந்துகிடக்கும் இந்தக் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே! நான் கிளெப் ஸுபாரெவ். இன்று நாம் அஞ்சலி செலுத்தும் பேராசிரியர் ரிம்மா வெனியமீனொவ்னாவின் ஆய்வகத்தில் ஆயுள் முழுக்க அவரோடு சண்டை போட்டவன். நாலு வார்த்தை அழுதுவிட்டு உட்காரச் சொன்னார்கள். எப்படி அழுவேன்? வயிறு எரிகிறதே!

ரிம்மா என்ன செய்தார்? நுண்துளைச் சுவரின்மேல் சூடான காற்றைச் சுழன்று புரண்டோட விட்டார். துளைகள் வழியே குளிர்ந்த காற்றை ஊதினால் அது போர்வையாகப் படிந்து சுவரைக் காக்கும். உறிஞ்சினாலோ, சூடு சுவரோடு வந்து ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஊதினால் எவ்வளவு குறையும்? எவ்வளவு உறிஞ்சினால் எவ்வளவு ஏறும்? அதை அளக்கத்தான், காற்றை வேகமாகப் பாய்ச்சிச் சோதிக்கும் அந்த ராட்சதக் குழாயை, அந்தக் காற்றுச் சுரங்கத்தைக் கட்டினார்.

ஒருமுறை மாஸ்கோவிலிருந்து விருதுக் குழு வந்தது. உறிஞ்சல் அளவுகள் அத்தனையும் கோட்பாட்டுக் கோட்டின்மேல் அச்சாக விழுந்திருந்தன. கொண்டாடக் கோப்பைகளில் வோட்கா ஊற்றியாயிற்று! ரிம்மா மட்டும் தொடவில்லை.

"கிளெப், சூடான காத்தைத்தானே உறிஞ்சுறோம்? குழாயில ஏன் இவ்வளவு குளிர்ச்சியா வருது?"

"அம்மா தாயே, விருது வாசல்ல நிக்குது. கொஞ்சம் சும்மா இருங்களேன்!"

"விருதை நீயே குத்திக்கோ. நாளைக்கு விண்கலத்துல இந்தச் சுவரு உருகினா, உள்ள உக்காந்திருக்கறவனுக்கு நீயா பதில் சொல்லுவ?"

சிகரெட்டைப் பற்றவைத்தார். சுவரின் அடியில், இணைப்போரமாக மெல்ல நகர்த்தினார். புகை ஓரிடத்தில் சரேலென்று உள்ளே போயிற்று! இணைப்பை அடைத்திருந்த பூச்சு விரிசல் விட்டு, அறையின் குளிர்ந்த காற்று உள்ளே கலந்திருக்கிறது. அளந்த காற்றில் பாதியைத்தான் சுவர் வழியே உறிஞ்சியிருக்கிறோம்; சூடு ஏறுவதைக் குறைத்துக் காட்டியிருக்கிறோம். குழுவின் முன்னாலேயே அறிக்கையைத் திரும்ப வாங்கினார். விருது வேறு ஊருக்குப் போனது. அவர் பூச்சைச் சுரண்டி முதலிலிருந்து தொடங்கினார். என்ன நெஞ்சழுத்தம் தோழர்களே!

அந்தச் சுரங்கத்தை இன்று வெட்டிப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார்களாம்! அது இருக்கும் மண்டபம் மேசை நாற்காலி வியாபாரிக்காம். லாரி வாசலில் நிற்கிறது. கரடுமுரடான சுவரில் அவர் தொடங்கிய உறிஞ்சல் சோதனை வரிசை பாதியில் நிற்கிறது. அதை யார் முடிப்பது?

"கிளெப், இதைப் பேச இதுவா இடம்?" என்கிறார் இயக்குநர்.

வேற எந்த இடம் ஐயா? இருந்த இடத்தைத்தான் வித்துட்டீங்களே!

தோழர்களே, இந்தக் கட்டடத்தில் ஒரு விதி உண்டு. சுரங்கம் ஓடும்போது ஒரு திருகாணியிலும் எவரும் கை வைக்கக் கூடாது. தொடங்கியவர் மட்டுமே நிறுத்த வேண்டும். அதில் கையெழுத்திட்டவர் இதோ அமர்ந்திருக்கும் இயக்குநர்தான். காலடியில் தரை அதிர்கிறதே, குளிர் நடுக்கம் என்றா நினைத்தீர்கள்? காலையில் நான்தான் தொடங்கினேன். ரிம்மா விட்ட அளவிலிருந்தே தொடங்கினேன். முறை வைத்து நிற்க எனக்கு ஆட்கள் வேண்டும். என்னோடு வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள். லாரிக்காரரைப் போகச் சொல்லிவிடுங்கள். இன்றைக்கு நான் நிறுத்தமாட்டேன்!