வெட்டியெறிந்த காட்சிக்கு ஒரு விருது

கையில் மணியோடும் கண்ணில் கனலோடும் இந்த மாலைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஸ்கெல்பி மீனவர் மன்றத் தலைவி ஹில்டா கிராக்நெல் அம்மையார் அவர்களே! புயலைக் கண்டு புன்னகைத்த, வரிச்சீட்டைக் கண்டு மட்டுமே வாடிய பெரியோர்களே! பிடித்த கத்தியால் காட் மீனையும், பிடிக்காத பார்வையால் கணவன்மாரையும் ஒருங்கே சீர்செய்யும் தாய்மார்களே! மதுக்கூடத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும் கொடுமைக்கு ஆளான இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் மீன் ஏலக்காரன் லென் டக்கரின் மனம் நிறைந்த வணக்கம்.

என்னய்யா அங்கே? சுருக்கமாகப் பேசவா? ஏலம் போடுகிறவனிடம் வந்து சுருக்கமாம்! பிங்கோ ஆட்டம் எங்கும் ஓடிவிடாது. உட்காருங்கள்.

இதோ என் வலப்பக்கம், பட்டுக் கழுத்துத்துணியோடு அமர்ந்திருக்கிறாரே, யார் இவர்? உலகத்தைக் கேட்டால், மேடையின் மன்னர், திரையின் திலகம், ராண்டல் மான்ட்ரோஸ் என்று சொல்லும். நம் ஊர் ஸ்கெல்பியைக் கேட்டால், எட்னா பிளென்கினின் தம்பி வில்ஃப் என்று சொல்லும்.

அவருடைய அப்பா டாம் பிளென்கின், ‘மேபல் கிரே’ கப்பலில் வலை இழுத்தவர். ஒரு ஜனவரியில் ஐஸ்லாந்துப் பக்கம் போன அந்தக் கப்பல் திரும்பவில்லை. கப்பல் முதலாளி தன் அலுவலகப் படியில் வந்து நின்றார். தேடுவதை நிறுத்திவிட்டோம் என்றார். காரில் ஏறினார், போனார். வருத்தம் என்று ஒரு வார்த்தை உண்டா? மன்னிப்பு என்று ஒரு மூச்சு உண்டா? படிக்குக் கீழே அக்காவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயது வில்ஃப் நின்றான். பக்கத்தில் நானும் நின்றேன்.

பிறகு வில்ஃபுக்கு நடிப்புப் பைத்தியம் பிடித்தது. லண்டன் நடிப்புப் பள்ளிக்குப் போனார். அங்கே முதல் பாடம் என்ன? அழுவதா? சிரிப்பதா? இல்லை! ஸ்கெல்பியை வாயிலிருந்து கழுவுவது. பல்லிடுக்கில் தக்கையைக் கடிக்கக் கொடுத்து, தினமும் பேசச் சொல்லி, ஊர்ப்பேச்சை ஒட்டுமொத்தமாகத் துடைத்தெடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்று என்ன சொன்னார் தெரியுமா?

“அன்புத் தமக்கையே, ஒரு கோப்பைத் தேநீர் கிட்டுமா?”

எட்னா கதவைப் பாதி திறந்து பார்த்தாள். “டேய், நீ வில்ஃபா, இல்ல வீட்டு வரி கேக்க வந்தவனா?”

அதற்குப் பின் அவர் ஏறாத மேடை இல்லை. முதலில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு மன்னருக்குப் பின்னால் நின்றார். பிறகு, ‘குதிரைகள் தயார், பிரபுவே’ என்று ஒரே ஒரு வரி. மழை ஒழுகும் கொட்டகைகளில், முன்வரிசையில் நனைந்த நாயும் அதன் உரிமையாளரும் மட்டும் பார்க்க, காதலுக்காக உயிர்விட்டார். மெல்ல மெல்லப் பிரபுவானார், பேராயரானார், பிரதமரானார். அமெரிக்காவும் அழைத்தது. எதற்கு? உலகத்தை அழிக்கக் கிளம்புகிற ஒவ்வொரு கெட்டவனும் ஏனய்யா ஆங்கிலேயப் பிரபு போலவே பேசுகிறான்? ஸ்கெல்பிக்காரன் பேச்சில் உலகத்தை அழித்தால் அழியாதா? முயன்று பார்த்திருக்கலாம்!

சிரியுங்கள். ஆனால் இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

போன வருடம் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் ‘மேபல் கிரே’ கதையைத் தொடராக எடுக்க வந்தது. வில்ஃப் வாழ்க்கையில் யாரிடமும் வாய்ப்புக் கேட்டு நின்றவர் அல்ல. அன்று போய் நின்றார். தலை நரைத்துவிட்டாலும் ஒப்பனை இருக்கிறதே, அப்பா வேடத்தைக் கொடுங்கள் என்றார். அவர் கேட்டது அந்த ஒன்றுதான். ஸ்கெல்பிப் பேச்சில் நாலு வரி பேசியும் காட்டினார். அங்கே உச்சரிப்புச் சொல்லித்தர ஒரு பெண். ஊர் எது என்று கேட்காதீர்கள், அவள் வீட்டில் குதிரைக்கே தனி மாளிகையாம். அவள் தலையை ஆட்டினாள். “கேக்க நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நிஜமான ஸ்கெல்பி பேச்சு மாதிரி இல்லையே.”

ஆக, டாம் பிளென்கின் வேடம் யாருக்குப் போனது? ஒரு கோமகனின் இளைய மகனுக்கு. துறைமுகத்தில் கட்டிப்போட்ட படகிலேயே வாந்தி எடுத்த அந்த வீரனுக்கு! டாம் பிளென்கினின் மகனுக்கு என்ன வேடம்? கப்பல் முதலாளி.

எட்னாவிடம் சொன்னார். “அப்பாவ கடல்லயே விட்டுட்டுப் போனவன் கோட்டயாடா போடப்போற? போடு. போட்டுட்டு இந்தப் பக்கம் வராத.” அவ்வளவுதான் அவள் பேச்சு.

ஆனாலும் படப்பிடிப்புக்கு எட்னா வந்தாள். நம் தெருப் பெண்கள் எல்லாருமே வந்தார்கள், கூட்டமாக நிற்பதற்குக் கூலி, மதியச் சாப்பாடு இலவசம். ஒரே ஒரு விதி. வாயைத் திறக்கக் கூடாது. கூட்டத்தில் நிற்கிறவர் பேசிவிட்டால் நடிகர் ஆகிவிடுவாராம், கூலி கூடிவிடுமாம். ஸ்கெல்பிப் பெண்கள் பேசாமல் இருக்க வேண்டும்! ஹில்டா அம்மையாரே, நீங்களே சொல்லுங்கள், அது நடக்கிற காரியமா?

அதே அலுவலகப் படி. அதே குளிர். வேடிக்கை பார்க்க நானும் கயிற்றுக்கு இப்புறம் நின்றேன். மென்மயிர்க் கழுத்துப்பட்டி வைத்த கோட்டோடு வில்ஃப் வந்து நின்றார்.

“தாய்மார்களே! தீவிர ஆலோசனைக்குப் பின், கப்பலைத் தேடும் பணி இத்துடன் நிறுத்தப்படுகிறது.”

சொல்லிவிட்டுக் காரில் ஏற வேண்டும். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“யாரக் கேட்டுடா நிறுத்துன? எங்கப்பா அங்க இருக்காருடா! ஏன்டா தேடல?”

எட்னா! உதவியாளர் ஒருவர் தலையில் கை வைத்தார். “ஐயோ, பேசிட்டாங்க! இப்ப கூடுதலா குடுக்கணுமே!”

வில்ஃப் காரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ஒவ்வொரு படியாக இறங்கி வந்து அவள் முன்னால் நின்றார்.

“தேடியிருக்கணும்க்கா. இன்னும் தேடியிருக்கணும். தப்பு எங்க மேலதான். மன்னிச்சிரு.”

தக்கை கடித்த வாயா அது? பேராயர் பேசிய நாக்கா அது? அச்சு அசல் டாம் பிளென்கின் குரல். எட்னா அந்தக் கோட்டில் முகம் புதைத்து அழுதாள். நானும் அழுதேன். அங்கே நின்ற ஒருவர்கூட அழாமல் இல்லை.

இயக்குநர் ஓடி வந்தார். “சார், பிரமாதம்! இந்தப் பேச்ச எங்க கத்துக்கிட்டீங்க?”

“எங்க வீட்ல.”

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா சார்? சரி, இத வெச்சுக்க முடியாது. முதலாளி மன்னிப்புக் கேட்டதா வரலாறே இல்லையே!”

எட்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “அதத்தான்யா நாங்க அம்பது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கோம்!”

வெட்டினார்கள். மறுபடி எடுத்தார்கள். முதலாளி வந்தார், அறிவித்தார், காரில் ஏறினார், போனார். அதற்கு லண்டனில் விருது கொடுத்தார்கள்! ஈரமற்ற நெஞ்சை இவரைப் போல் எவரும் காட்டியதில்லையாம்.

அவையோரே! இன்று நம் மன்றமும் ஒரு விருது கொடுக்கிறது. அவர்கள் வெட்டியெறிந்த காட்சிக்கு. நம்முடையது தங்கமல்ல, பித்தளையுமல்ல. கிராக்நெல் அம்மையாரின் மருமகன் மரத்தில் செதுக்கிய மீன். காலணி மாதிரி இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், அவர் பெரிய ஆள்.

முன்வரிசையில் காலியாக இருக்கும் அந்த நாற்காலியைப் பாருங்கள். அது கப்பல் முதலாளியின் குடும்பத்துக்குப் போட்டது. முறையாக அழைத்தோம். வரவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து வர வேண்டிய மன்னிப்பு வரவில்லை, வரப்போவதும் இல்லை. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையே அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நம்மிடம் மன்னிப்புக் கேட்டான். அதைவிடப் பெரிய நடிப்பை எந்த நாட்டில் எவன் பார்த்தான்? சொல்லுங்கள்!

எட்னா, மேலே வா. உன் கையால் கொடு. இனிமேல் எவ்வளவு வேண்டுமானாலும் பேசு, யாரும் கூலிக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கும், மணியை அடிக்காத தலைவிக்கும் நன்றி. கடலுக்குப் போகிறவர்கள் கரைக்கு வந்து சேருங்கள். எல்லாருக்கும் என் வணக்கம்!