அம்மா சொன்ன ஊரு

...அதுக்காக கொசு கடிச்சாக்கூட நான்தான் காரணமா? நீங்களே சொல்லுங்க அக்கா. இல்ல இல்ல, இப்ப சொல்லாதீங்க. அளவெடுக்கறப்ப பேசக் கூடாது. பேசினா மூச்சு உள்ள போகும் வெளிய வரும், அளவு மாறிடும். அப்புறம் சட்டை இறுக்குதுன்னு என்கிட்டதான் வந்து நிப்பீங்க. கையைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே. வாசல்லயே நின்னுட்டு இருந்தீங்களே, நல்லவேளை நான் பாத்து உள்ள இழுத்தேன். எல்லாரும் இப்படித்தான், தையல் வீடுன்னு போர்டு இல்லாததால தயங்கித் தயங்கி நிப்பாங்க. ஸ்கூல் யூனிஃபார்ம்தான் அதிகமா தைப்பேன். பெரியவங்களுக்கும் தைப்பேன். கவலைப்படாதீங்க.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? கொசு. நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊருக்கு வந்தோம். எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உயரமா கட்டடம் இருக்கற ஊர்ல எல்லாம் எங்களுக்குச் சோறு. அப்ப கம்பெனியில, இந்த ஊரா அந்த ஊரான்னு கேட்டாங்க. நான் சும்மா இருக்காம வாயைத் திறந்து, இங்க ஸ்கூல் பக்கத்துலயே இருக்குங்க, இதுவே இருக்கட்டும்னு சொன்னேன். அவ்வளவுதான் அக்கா. அன்னியிலேர்ந்து இது என்னோட ஊரு. குழாய்ல தண்ணி உப்புக் கரிச்சா அவரு, பெரியவ, சின்னவன்னு மூணு பேரும் என்னைத் திரும்பிப் பாப்பாங்க. மழை பேஞ்சு தெருவுல தண்ணி நின்னா, "அம்மா சொன்ன ஊரு"ம்பான் சின்னவன். வெயில் அடிச்சா அவரு. ஒரு நாள் கரண்டு போச்சு, இருட்டுல யாருமே பேசல. ஆனா மூணு பேரும் என்னைத்தான் பாத்துட்டு இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்.

திரும்புங்க. முதுகு.

இப்ப கம்பெனி இந்த ஊர்க் கிளையை மூடறான். மூணு ஊரு சொல்லியிருக்கான், அதுல ஒண்ணை நீங்களே எடுத்துக்கோங்கன்னு. இன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள சொல்லியாகணும். இன்னிக்கு! பெரியவளுக்கு அடுத்த வருஷம் பத்தாவது. எந்த ஊரு, எந்த ஸ்கூலு, ஒண்ணும் முடிவாகல. குடும்பமே ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட லிஃப்ட் மாதிரி நிக்குது. அதை மட்டும் ரிப்பேர் பண்ண அவருக்குத் தெரியல.

ஆனா நான் இந்தத் தடவை வாயே திறக்கல அக்கா. சத்தியமா சொல்றேன். முடிவே பண்ணிட்டேன், என்ன ஆனாலும் சரி, ஊரு பேரை என் வாயால சொல்லக் கூடாதுன்னு. சாப்பிட உக்காந்தா அவரு கேப்பாரு, "எங்க போலாம், நீ சொல்லு"ன்னு. "எனக்கென்ன தெரியும், உங்க இஷ்டம்"னுடுவேன். அவரு பெரியவளைப் பாப்பாரு. அவ, "உங்க இஷ்டம்"பா. சின்னவன் தட்டைப் பாத்துக்கிட்டே, "எனக்கும் அதேதான்"பான். எது அதேன்னு அவனுக்கே தெரியாது. அப்புறம் எல்லாரும் கை கழுவிட்டு எந்திரிச்சுப் போயிடுவோம். தினம் இதே கூத்து.

கையை மடக்குங்க. உங்களுக்கு முழங்கை கொஞ்சம் தளர்வா வைக்கறேன், நிறைய எழுதற கை மாதிரி இருக்கு. இல்ல, பேசாதீங்க, தோள் ஏறுது பாருங்க.

சரி, நேர்ல போய்ப் பாக்கலாம்னு அவரு எங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போனாரு. முதல்ல அந்தப் பெரிய ஊரு. எங்க பாத்தாலும் கட்டடம், அவருக்கு வாயெல்லாம் பல்லு. "நீ ஸ்கூலைப் பாரு, நான் லிஃப்டைப் பாத்துட்டு வரேன்"னு எதிர்ப்பக்கம் போயிட்டாரு. நான் ஸ்கூல்னா உள்ள போய் பெரிய மனுஷி கணக்கா விசாரிக்கற ஆளு இல்ல. விடற நேரத்துல கேட்டுக்கு எதிர்ல நின்னு பிள்ளைங்க காலரைப் பாப்பேன். சிரிக்காதீங்க. பயந்த பிள்ளைங்க காலர் நுனியைக் கடிக்கும். நான் எத்தனை காலர் மாத்தித் தச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? அங்க வெளிய வந்ததுல பாதிப் பிள்ளைங்க காலர் நுனி நார் நாரா கிடக்கு. கிட்டப் போய் ஒரு பொண்ணு காலரைத் தூக்கிப் பாத்தேன். வாட்ச்மேன் வந்து, "யாரும்மா நீ, என்ன பண்றே"ன்னான். காலர் பாக்கறேன்னேன். அவன் இன்னொரு வாட்ச்மேனைக் கூப்பிட்டான்.

அவரைக் கூப்பிடலாம்னு எதிர்ப்பக்கம் பாத்தா, அங்க அவரையும் ஒருத்தன் பிடிச்சு வச்சிருக்கான். யாரோ வீட்டு மாடியில லிஃப்ட் கதவுல காதை வச்சுக் கேட்டுட்டு இருந்திருக்காரு. ஒரே தெருவுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ரெண்டு வாட்ச்மேன்கிட்ட. பெத்த பிள்ளைங்க ரெண்டும் நடுவுல நின்னு, யாரோ என்னவோன்னு ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டு இருக்குதுங்க.

திரும்பி வரப்ப பஸ்ல, நான் ஒண்ணுமே சொல்லல. "இந்த ஊர்ல பிள்ளைங்களுக்குப் பசி போல, சட்டையைத் தின்னுதுங்க"ன்னு மட்டும் சொன்னேன். அவரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அந்த ஊரு போச்சு.

இதுல ஒரு கொடுமை கேளுங்க. வீட்டுக்கு வந்து துணி துவைக்கறப்ப எங்க வீட்டுலயே ஒரு காலர் கடிபட்டிருக்கு. சின்னவன் வேலைன்னு நெனச்சு ரெண்டு திட்டுத் திட்டிட்டேன். அவன் அழுதுட்டே, "அது அக்கா சட்டைம்மா"ங்கறான். விரிச்சுப் பாத்தா பெரியவளோடதுதான். பதினஞ்சு வயசுல எந்தப் பொண்ணு காலரைக் கடிக்கும்? காலர் மாத்தித் தச்சுக் குடுத்துட்டேன். அவகிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டா மட்டும் என்ன சொல்லிடப் போறா, "ஒண்ணும் இல்லம்மா"ம்பா. இப்பல்லாம் என்கிட்ட அந்த ஒரு வார்த்தைதான். சின்னப்பிள்ளையில என்னை விட அதிகமா பேசுவா, நம்புவீங்களா? சரி, விடுங்க.

இடுப்பு. மூச்சை அடக்காதீங்க, இயல்பா விடுங்க. எல்லாரும் இடுப்புன்னா அடக்குவாங்க.

ரெண்டாவது, கடல் ஊரு. அந்த ஊர்ல ஒரு குறையும் சொல்ல முடியாது. பிள்ளைங்க கேட்டைத் திறந்ததும் கத்திக்கிட்டு ஓடி வருதுங்க, காலரெல்லாம் முழுசா இருக்கு, அழுக்கா இருக்கு, அழுக்கு நல்லதுதான். சின்னவன் செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டவன் கிளம்பற வரைக்கும் போடவே இல்ல. எனக்கே பிடிச்சிருச்சு. ஆனா வாயால சொன்னா மாட்டிக்குவேனே! சும்மா லாட்ஜ் ரூம்ல என் ஊசி டப்பாவை எடுத்தேன், எங்க போனாலும் அது என்கூட வரும். திறந்தா, அந்தக் கடல் உப்புக் காத்துக்குக் குண்டூசி தலையெல்லாம் துரு. நான் ஒண்ணும் சொல்லல. டப்பாவைத் திறந்த மேனிக்கு மேசை மேல வச்சேன், அவ்வளவுதான். அவரு வந்து பாத்தாரு. ஒரு ஊசியை எடுத்து விரல்ல தேச்சுப் பாத்தாரு. லிஃப்ட்காரருக்குத் துருன்னா எப்படி இருக்கும்னு நெனைக்கறீங்க? அந்த ஊர் லிஃப்ட் கம்பியெல்லாம் அவரு கண்ணு முன்னாடி வந்து தொங்கியிருக்கும். மனுஷன் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடல. அந்த ஊரும் போச்சு. சின்னவன் வழியெல்லாம் செருப்பைப் போட்டுக்கிட்டு உம்முனு வந்தான்.

மூணாவது, மலை ஊரு. அம்மாடி, குளிருன்னா குளிரு. இறங்கினதும் பெரியவ வாயைத் திறந்து ஊதினா, புகையா வந்துச்சு. அவளுக்கு அது என்னவோ சிரிப்பு. தம்பி மூஞ்சில ஊதறா, அப்பா மூஞ்சில ஊதறா, விழுந்து விழுந்து சிரிக்கறா. அவ சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சுன்னு நான் அப்பதான் நெனச்சேன். அங்க லிஃப்டுன்னு பாத்தா ஒரு ஆஸ்பத்திரியில ஒண்ணு, ஒரு ஹோட்டல்ல ஒண்ணு. அவரு, "பரவால்ல, சுத்துப்பட்டு ஊரையும் சேத்துப் பாத்துப்பேன்"னாரு.

அப்புறம் ஸ்கூல் விட்டாங்க. நான் வழக்கம்போல எதிர்ல நின்னேன். காலரே தெரியல அக்கா! எல்லாம் ஸ்வெட்டர். கழுத்து வரைக்கும் ஸ்வெட்டர். எல்லாம் மெஷின்ல பின்னி மூட்டை மூட்டையா வந்து கடையில தொங்குது. உள்ள போட்டிருக்கற சட்டை கிழிஞ்சிருந்தாக்கூட யாரும் பாக்கப் போறதில்ல. அந்த ஊர்ல தையல்காரின்னு ஒருத்தி எதுக்கு? பதினெட்டு வயசுல இந்த மெஷின்ல உக்காந்தேன். இன்னிக்கு வரைக்கும் என் கைச்செலவுக்கு நான் யாரையும் கேட்டதில்ல. அங்க போய் என்ன பண்ணுவேன், ஜன்னல்ல உக்காந்து பனியை எண்ணுவேனா?

ஆனா அதை நான் சொல்லவே இல்ல. பிள்ளை சிரிக்கறப்ப போய் எப்படிச் சொல்றது? சும்மா என் போர்வையைப் போத்திக்கிட்டேன். அதுக்கு மேல அவரு துண்டு. அதுக்கு மேல சின்னவன் தொப்பி. அப்படியே மூலையில உக்காந்துட்டேன். "என்னம்மா"ன்னா பெரியவ. "ஒண்ணும் இல்ல"ன்னேன். அவ என்னைக் கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தா. அப்புறம் வாயை மூடிக்கிட்டா. புகை வரல.

கழுத்தளவு. தலையை நேரா வைங்க.

அன்னியிலேர்ந்து வீட்டுல ஒரே அமைதி. மூணு ஊரு, மூணும் அப்படியே இருக்கு. நேத்து அவரு கடைசியா கேட்டாரு, "ஏதாவது ஒண்ணு சொல்லேன், பழி உன் மேல போட மாட்டேன்"னு. யாருக்கு வேணும் அந்தப் பேச்சு? இப்படிச் சொல்லித்தான் போன தடவையும் ஆரம்பிச்சாரு. "நான் வாயே திறக்கல, என்னை இதுல இழுக்காதீங்க"ன்னுட்டேன். காலையில சாப்பிடாமக் கிளம்பிப் போயிட்டாரு. நான் என்ன தப்புப் பண்ணேன் அக்கா? பேசாம இருக்கறதும் ஒரு குத்தமா?

ஆச்சு. அளவு முடிஞ்சுது. கையை இறக்குங்க. இப்பப் பேசலாம். பை காலியா இருக்கே, துணி எங்க? நீங்க கொண்டு வரலையா, நான்தான் எடுத்துப் போடணுமா?

...தைக்க வரலையா?

அப்புறம்? ...எந்த ஹாஸ்டல்? ஓ. பெரியவ ஸ்கூல் பின்னாடி இருக்கே, அதுவா? நீங்க அங்க வார்டனா? ஐயையோ... மேடம், உக்காருங்க மேடம். நான் பாட்டுக்கு உங்களைச் சுத்திச் சுத்தி நாடா கட்டிக்கிட்டு... முன்னாடியே சொல்லியிருக்கலாமே? ஆமா, நான்தான் பேசாதீங்கன்னேன்.

என்ன விஷயம் மேடம்? அவ ஏதாவது தப்புத்தண்டா...?

இடம் கேட்டாளா. யாரு, எங்க பெரியவளா? உங்ககிட்ட வந்து? தனியாவா வந்தா? ...இடம் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே வீட்டுக்கு வந்து பெத்தவங்களைப் பாப்பீங்களா. நல்ல வழக்கம்தான். பாக்க வேண்டியதுதான். பத்தாவது முடிக்கற வரைக்கும் இங்கயே இருந்துக்கறேன்னு சொன்னாளா?

வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தியான்னு நீங்க கேக்கலையா? ...கேட்டீங்களா. என்ன சொன்னா?

"கேட்டா உங்க இஷ்டம்னு சொல்வாங்க."

...ம்.

அது சரிதான். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

வேற என்ன சொன்னா? பரவால்ல, சொல்லுங்க மேடம். ...யாராவது ஒருத்தர் ஒரு ஊரைச் சொல்லியிருந்தா கூடவே போயிருப்பாளாமா. எந்த ஊரா இருந்தாலுமா? அப்படியா சொன்னா?

ஒரு நிமிஷம் மேடம். தண்ணி குடிச்சுக்கறேன். ஒண்ணும் இல்ல. கண்ணுல ஏதோ... இல்ல, கண்ணுல ஒண்ணும் விழல. அழுகைதான் வருது. எந்திரிக்காதீங்க. ஒரு வருஷம் அவ இல்லாம இந்த வீட்டுல... அவ இல்லாம வேற வீட்டுல நான் யாரைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்? ஒரு வார்த்தைக்குப் பயந்து பிள்ளையை விட்டுட்டுப் போறதாவது!

இருங்க மேடம், கிளம்பிடாதீங்க. அவருக்குப் போன் போடறேன்.

ஹலோ. நான்தான். கேளுங்க. ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா? இன்னும் இல்லையா? அப்ப நான் சொல்றேன், கடல்... என்ன? எடுத்துட்டானா? யாரு, உங்ககூட வேலை பாக்கற அந்த மீசைக்காரனா? பெரிய ஊரு? அதுவும் போச்சா. நாம யோசிச்சுட்டே இருந்தா அவங்க காத்துட்டு இருப்பாங்களா... அப்ப என்னதான் மிச்சம்?

...மலை ஊரா.

ம்.

இல்லங்க, லைன்லதான் இருக்கேன். ...எனக்கா? என் தையலுக்கு என்ன, அதைப் பத்தி இப்ப யாரு கேட்டா? ஸ்வெட்டர் போட்டவனுக்கும் உள்ள சட்டை வேணும். இல்லாட்டி பின்னல் கத்துக்கறேன். நீங்க உள்ள போய்ச் சொல்லுங்க. மலை ஊருன்னு. மிச்சம் இருந்ததைக் குடுத்தாங்கன்னு வீட்டுல வந்து உளறக் கூடாது, புரியுதா? நான் சொன்னேன், அதனால எடுத்தீங்க. ஆமா, நான்தான். உங்க பொண்டாட்டிதான் பேசறேன், வேற யாரு? போய்ச் சொல்லுங்க முதல்ல.

மேடம், கோச்சுக்காதீங்க. உங்க ஹாஸ்டல்ல அந்த இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துடுங்க. வந்ததுக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. ஸ்கூல் விடறதுக்குள்ள நீங்க அங்க போயிடுவீங்கல்ல? அவளைப் பாத்து, ஊரு முடிவாயிடுச்சுன்னு சொல்லுங்க. யாரு முடிவு பண்ணதுன்னு கேப்பா. அம்மான்னு சொல்லுங்க. குளிருச்சுன்னா என்னையே திட்டட்டும்.