வெள்ளையடிக்காத வருஷம்

குச்சி தானே டீச்சரம்மா, நாலா உடைச்சிக்கினு போங்க. மழை ஈரத்துல சொருகினா தானா புடிச்சிக்கும். டிசம்பர் பூவ வளக்கறதுல ஒரு கஷ்டமும் இல்ல. வீட்டு ஆம்பள கையில அருவா இல்லாம பாத்துக்கினா போதும்.

சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது. எமர்ஜென்சி சமயத்துல, எங்க பொண்ணு வேதா பள்ளிக்கூடம் படிக்கறப்ப வெச்ச செடி இது. ஐப்பசி வரைக்கும் சும்மா தழையா நிக்கும். அப்புறம் தான் மொக்கு வெக்கும், கார்த்திகையில பூக்கும். இந்த ஊர்ல ஐப்பசின்னா என்ன? தீபத்துக்கு ஜனம் வந்து எறங்குமே, அதுக்குள்ள வெள்ளையடிக்கணும். செவுத்தோரம் செடி இடைஞ்சலா இருக்குதுன்னு எங்க வீட்டுக்காரரு அடியோட கழிச்சி வுட்டுடுவாரு. வெட்டறதுன்னா பூ முடிஞ்சி மாசியில வெட்டுப்பான்னு அந்தப் பொண்ணு கத்தும். கேட்டா தானே! பூக்காத செடிய கட்டிக்கினு ஏன் அழுவறேம்பாரு. வருஷா வருஷம் இதே கூத்து. சடையில ஒரு பூ வெச்சிப் பாக்காமயே கல்யாணம் ஆகி போளூருக்குப் போயிட்டா.

ஆமா, இந்த வருஷம் இலையே தெரியல, செவுரு பூரா ஊதா. யாரு வெட்டினா? வெள்ளையடிச்சா தானே வெட்டறதுக்கு. துக்க வீட்டுல எங்கம்மா வெள்ளையடிக்கறது? நீங்க போன வாரம் குடி வந்தவங்க, உங்களுக்கு எப்படித் தெரியும். ஆவணியில எங்க மாப்பிள்ள மஞ்சக்காமாலையில போயிட்டாரு. வேதா இப்ப இங்க தான், உள்ள இருக்குது.

இத்தினி வருஷம் பூக்காத சனியன் இப்ப தான் பூக்கணுமா? புடுங்கி எறியலாம்னு போனா, எங்க வீட்டுக்காரரு குடத்தோட நிக்கறாரு. காலையிலயும் தண்ணி, சாயந்திரமும் தண்ணி. மழை பெய்யறப்ப கூட ஊத்தறாரு. என்னய்யா இதுன்னா அடுத்த குடம் மொள்ளப் போயிடறாரு.

என்ன, என் தலையிலயா? நானா வெக்கலம்மா. எனக்கு மனசு வருமா? விடிகாலையில அவளே பறிச்சி, அவளே தொடுத்து, திரும்பி உக்காரும்மான்னு சொல்லி வெச்சி வுட்டா. கையில மீதி ஒரு முழம் இருந்திச்சி. அத வெச்சிக்கினு கண்ணாடி எதிர்ல கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம், எதிர் வீட்டு டீச்சருக்குக் குடுத்துடும்மான்னு என் கையில திணிச்சிட்டு உள்ள போயிட்டா. இந்தாங்க.