தண்ணீர் ஆறிவிடக் கூடாது

மிசோ சூப்பில் உப்பு கூடிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்லாத காலை கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. கல்யாணமான நாள் முதல் அதே பாட்டுதான். நடுக்குவாதம் வந்து கை கால் விறைத்த பிறகும் அந்த நாக்கு மட்டும் அடங்கவில்லை.

நோய் வருஷத்துக்கு வருஷம் முற்றியது. நான் முகம் சுளித்ததில்லை. இந்த அகிதா ஊர்ப் பனியில் அவரைத் தூக்கி, துடைத்து, கஞ்சி ஊட்டினேன். நோயாளிகளின் குடும்பங்கள் கூடும் சங்கத்தில் என்னைப் பேசவே கூப்பிட்டார்கள். மனசு உடையாமல் இருப்பதை ஃபுமியே அக்காவிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். கோபம் வந்தால் எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன்.

வீட்டுக்கு உதவியாள் எத்தனை நாள் தேவை என்று பார்க்க நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வெளியாள் வந்தால் எங்கள் ஊர்க் கிழவர்களுக்கு எங்கிருந்துதான் தெம்பு வருமோ. இவர் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கென்னம்மா, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இவதான் சும்மா புலம்பறா."

இருந்த உதவியும் பாதியாகிவிட்டது.

அடுத்த முறை அவள் வந்த அன்று காலை, விறைப்பைத் தளர்த்தும் மாத்திரையை நான் கொடுக்கவில்லை. உள்ளதை உள்ளபடி காட்டுவதில் என்ன தப்பு? அவர் மரமாக நின்றார், வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அன்று சூப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அதன் பிறகு மாத்திரை கொடுக்கிற நாள்கள் குறைந்துகொண்டே வந்தன. எது வேண்டுமானாலும் கண்ணாலேயே என்னைத் தேடுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

போன மாதம் மகள் சிஹாரு செண்டாய் நகரத்திலிருந்து வந்தாள். அங்கே நல்ல டாக்டர் இருக்கிறார், அப்பாவை என்னோடு கூட்டிப்போகிறேன் என்றாள். அவர் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யார்? அன்றும் மாத்திரை இல்லை.

"அப்பா, என்கூட வந்துடறீங்களாப்பா? வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க."

அவர் உதடு அசையவில்லை. காலையில் மறுபடி கேட்பதாகச் சொல்லி, அவள் அத்தை வீட்டில் தங்கப் போனாள்.

மாலையில் வழக்கம்போல் அவரைக் குளியல் தொட்டியில் உட்காரவைத்து, அக்குளில் கைகொடுத்துப் பிடித்திருந்தேன். வெந்நீர்ச் சூட்டில் நாக்கு இளகிவிட்டது போலும்.

"சிஹாருகிட்ட... போறேன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ... மாத்திரை... தரலை."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

திரும்பி வந்தபோது அவர் முகம் தண்ணீருக்குள் இருந்தது. கண் என்னைத்தான் பார்த்தது. உயிர் இருந்தது, ஐயா, பொய் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டு வழக்கப்படி அவருக்குப் பிறகு நானும் அதே தொட்டித் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும். ஆறிவிடக் கூடாதே என்று தொட்டிக்கு மூடியைப் போட்டேன்.

பூஜை மாடத்தில் அவர் படத்துக்கு முன்னால் நீங்கள் பார்த்த மாத்திரைகள் நான் வைத்தவைதான். சோறும் உப்புக் குறைத்த சூப்பும் வைத்து, பக்கத்தில் மாத்திரையையும் வைக்கிறேன். இதுவரை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.